இரவு முழுக்க ஆறாத கோனி சாஸ்: டெட்ராய்ட் புறநகர் பார் ஒன்றில் நடந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் பக்கம் கோனி என்றால் ஹாட் டாக்தான். ஆவியில் மெத்தென்றாக்கிய பன், கடித்தால் தோல் தெறிக்கும் சாசேஜ், மேலே பீன்ஸ் சேர்க்காத மாட்டிறைச்சி சில்லி சாஸ், மஞ்சள் கடுகு, பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம். பெயர் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையிலிருந்து வந்தது. ஆனால் மிச்சிகனில் இதை வளர்த்தவர்கள் கிரீஸ், மாசிடோனியா பக்கமிருந்து குடியேறியவர்கள். நகர மையத்தில் லஃபாயெட் சாலையில் அமெரிக்கன் கோனி ஐலண்ட், லஃபாயெட் கோனி ஐலண்ட் என்ற இரண்டு கடைகள் சுவரோடு சுவராக நிற்கின்றன. அமெரிக்கன் கோனி 1917ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்கிறது. புறநகர்களில் தெருவுக்குத் தெரு கோனிக் கடை உண்டு. பல பார்களும் விங்ஸ் (கோழி இறக்கை வறுவல்), ஃப்ரைஸோடு கோனியும் விற்கின்றன.

இந்த ஆய்வு அப்படி ஒரு பாரையும், அங்கே கோனி சாப்பிட்ட விருந்தினர்களுக்கு வயிறு கெட்டதையும் பற்றியது. பாரை அப்பா தொடங்கியது, இப்போது மகன் நடத்துகிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்துத் தெருக்காரர்கள். சமையலறை குறுகலானது: ஒரு தோசைக்கல் போன்ற தட்டை அடுப்பு, இரண்டு ஃபிரையர், சாஸும் சூப்பும் சூடாக நிற்கும் நான்கு குழி ஸ்டீம் டேபிள். உள்ளே நடந்து போகும் அளவுள்ள குளிர் அறை ஒன்று உண்டு. அதில் பீர் பீப்பாய்களும் சாப்பாட்டுச் சாமான்களும் ஒன்றாகவே இருந்தன. பீப்பாய் மாற்ற ஆட்கள் போய் வந்துகொண்டே இருப்பதால் வார இறுதியில் அதன் கதவு மூடியிருக்கும் நேரம் குறைவு.

சமையலுக்கு இரண்டு பேர், காலைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். சாஸ் அப்பா காலத்துச் செய்முறை. அரைத்த மாட்டிறைச்சியை மிளகாய்த்தூள், சீரகம், மிளகுத்தூளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டுக் குழைப்பார்கள்.

மிச்சிகனின் உணவகச் சட்டம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் உணவு விதித்தொகுப்பைப் பின்பற்றுகிறது. அதன்படி சூடாக வைக்கும் உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது (அங்குள்ளவர்கள் 135 பாரன்ஹீட் என்பார்கள்). சமைத்ததை ஆற வைத்தால் 57லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும். தொடக்கத்திலிருந்து மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் 5 டிகிரியைத் தொட வேண்டும். ஆறியதை மறுபடி சூடாக வைத்துப் பரிமாறுவதென்றால் முதலில் இரண்டு மணி நேரத்துக்குள் 74 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த எண்கள் எல்லாம் அச்சிட்ட தாளில் கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தன. முந்தைய அரசு ஆய்வில் பெரிய குறை எதுவும் எழுதப்படவும் இல்லை. ஆனால் அந்த ஆய்வு மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. இந்தச் சமையலறையில் எதையாவது ஆற வைப்பது நள்ளிரவில்தான்.

வியாழன் இரவு

மார்ச் கடைசி, தவக்காலம். கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதி, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பலர் இறைச்சி தொடமாட்டார்கள் என்பதால் அன்றைக்கு வறுத்த மீன்தான் முக்கிய வியாபாரம். ஃபிரையர் இரண்டும் மாலை முழுக்க மீனுக்கே போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை கூடுதலாக ஒரு பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) குழுவின் சீசன் முடிவு விருந்தும் இருந்தது. முப்பது பேருக்குச் சற்றுக் குறைவு, பின்கட்டு அறை முழுக்க அவர்களுக்கு.

வழக்கமாகச் சாஸ் செய்பவர் காலைச் சமையல்காரர். வெள்ளி காலை அவருக்கு விடுப்பு. அதனால் உரிமையாளர் இரவுச் சமையல்காரரிடம் வியாழன் இரவே இரண்டு மடங்கு சாஸ் செய்து வைத்துவிடச் சொன்னார். பிறகு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டபோது இந்த இடம் வரை இருவர் சொன்னதும் ஒத்துப்போனது.

சாஸ் இறங்கியபோது நள்ளிரவு ஆகியிருந்தது. பெரிய அலுமினியப் பானையில் பாதிக்கு மேல், கெட்டியாக. சுடச்சுட உள்ளே வைத்தால் குளிர் அறையே சூடாகி மற்றதெல்லாம் கெட்டுவிடும் என்று அவர் கற்றிருந்தார். இது தவறான எண்ணம் என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது, சிறிய குளிர் அறைகளில் அது உண்மையும்கூட. அதனால் ஃபிரையர் கழுவி முடிக்கும் வரை பானையை வெளியே விட்டார். அப்புறம் மூடி போட்டு, பீப்பாய்களுக்குப் பக்கத்தில் தரையோரத் தட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்த நேரத்தில் சமையலறையில் அவர் ஒருவர்தான். அந்தப் பானையைத் தனியாளாகச் சாய்த்துத் தட்டுகளில் பிரிப்பது கையைச் சுட்டுக்கொள்ளும் வேலை. பிரித்தாலும் தட்டுகளை வைக்க அலமாரியில் இடம் இல்லை, மறுநாளுக்கான மீன் பெட்டிகள் அங்கே இருந்தன.

வெள்ளிக்கிழமை

மதியம் மூன்று மணிவாக்கில் பானை வெளியே வந்தது. கரண்டியால் எடுத்து ஸ்டீம் டேபிளின் இரண்டு குழிகளில் நிரப்பினார்கள். அடுப்பில் வைத்துச் சூடாக்கவில்லை. ஸ்டீம் டேபிளே சூடாக்கிக்கொள்ளும் என்பதுதான் அங்கே பழக்கம். அந்தச் சாதனம் சூட்டைக் காக்கத்தான் செய்யப்பட்டது, ஏற்றுவதற்கு அல்ல. கெட்டிச் சாஸை அதில் வைத்தால் அடிப்பக்கம் ஆவி பறக்கும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

விருந்து ஏழு மணிக்குத் தொடங்கியது. கோனி, விங்ஸ், வறுத்த மீன், ஃப்ரைஸ், பீர். யாரும் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. சாஸில் வாடையோ புளிப்போ இல்லை என்று பரிமாறியவர்களும் சாப்பிட்டவர்களும் பிறகு சொன்னார்கள். அதில் வியப்பில்லை. இப்படி மெல்ல ஆறும் இறைச்சியில் பெருகும் கிருமியால் ருசியில் பெரும்பாலும் எதுவும் தெரியாது.

சனிக்கிழமை

விடியற்காலை மூன்று மணியிலிருந்து காலை ஒன்பது மணிக்குள் விருந்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வயிற்றை முறுக்கும் வலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. வாந்தி அநேகமாக யாருக்கும் இல்லை, காய்ச்சலும் இல்லை. வயதான ஒருவர் மட்டும் சோர்ந்துபோய் மருத்துவமனை அவசரப் பிரிவில் டிரிப் ஏற்றிக்கொண்டு அன்று மாலையே வீடு திரும்பினார். முந்தின இரவு வேலை முடித்துவிட்டுக் கோனி சாப்பிட்ட பரிமாறும் பெண் ஒருவருக்கும் இதே தொந்தரவு.

மதியத்துக்குள் குழுவின் அமைப்பாளர் பாருக்குப் போன் செய்தார். அந்த அழைப்புக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் உரிமையாளர் மூன்று முடிவுகள் எடுத்தார். பின்னால் நடந்ததில் பெரும்பகுதியைத் தீர்மானித்தவை அவை.

முதலாவது, சமையலறையை மூடினார், பாரை மூடவில்லை. புட்டியில் வருவதை மட்டும் விற்றார்கள். பொட்டல சிப்ஸைத் தவிர சாப்பாடு இல்லை.

இரண்டாவது, எதையும் கொட்ட விடவில்லை. இரவுச் சமையல்காரர் செய்தி கேட்டதும் ஓடிவந்து பானையைத் தேய்க்கக் கையில் எடுத்துவிட்டார். மறைக்க வேண்டும் என்றில்லை, அழுக்கு இருந்தால் கழுவுவது அவர் கைப்பழக்கம். மிஞ்சிய சாஸ், திறந்த விங்ஸ் பை, வெங்காயம் எல்லாவற்றையும் மூடி, ‘தொடாதே’ என்று எழுதிக் குளிர் அறையின் ஒரு மூலையில் வைத்தார்கள்.

மூன்றாவது, சுகாதாரத் துறையின் அவசர எண்ணைத் தானாகவே அழைத்தார். குடும்பத்துக்குள் இதற்கு எதிர்ப்பு இருந்தது. வக்கீலிடம் கேட்காமல் பேசாதே, வயிற்றுப்போக்கு எதனாலும் வரலாம் என்று ஒரு உறவினர் வாதிட்டார். வாதம் சட்டப்படி பிழையில்லை. ஆனால் இத்தனை பேரில் ஒருவராவது அன்றே துறையை அழைத்திருப்பார், அதற்குப் பிறகு அழைப்பது பதில் சொல்வது போல்தான் இருக்கும் என்று உரிமையாளர் கணக்குப் போட்டார். அமைப்பாளரும் அதே மதியம் அழைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை

முதலில் சந்தேகப்பட்டது கோழியைத்தான். பாரில் வயிறு கெட்டால் எல்லோர் விரலும் விங்ஸை நோக்கித்தான் நீளும். அடுத்த சந்தேகம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ், குளிர்காலக் கடைசியில் அது ஊரெல்லாம் சுற்றும்.

சுகாதாரத் துறை ஆய்வாளர், விருந்துக்கு வந்தவர்களின் பட்டியலை வாங்கி ஒவ்வொருவரையும் அழைத்து இரண்டே விஷயங்கள் கேட்டார்: என்னென்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது? நேரம் பேசியது. சாப்பிட்டு எட்டு முதல் பதினான்கு மணி நேரம். நோரோவைரஸ் என்றால் பெரும்பாலும் அதற்கும் மேலே, வாந்தி முன்னால் நிற்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் நஞ்சு என்றால் சில மணி நேரத்திலேயே குமட்டும். வாந்தியும் காய்ச்சலும் இல்லாமல், பின்னிரவில், கூட்டமாக, இறைச்சிக் குழம்பு சாப்பிட்ட பிறகு வருவது க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவின் கையெழுத்து. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு இதனால் வயிறு கெடுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது.

உணவுப் பட்டியலைத் தெளிவாக்கியது தவக்காலம். குழுவில் ஏழெட்டுப் பேர் வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாதவர்கள். அதே அறை, அதே மேசை, அதே பீர், அதே ஃப்ரைஸ், ஆனால் மீன். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அதுபோக, சாஸ் வேண்டாம் என்று கடுகு மட்டும் போட்டு ஹாட் டாக் தின்ற ஓரிருவரும் நலமாக இருந்தார்கள். விங்ஸை மட்டும் சாப்பிட்டவர்களும் அப்படியே. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் தானாக அமைவது அபூர்வம். பெரும்பாலான விருந்துகளில் எல்லோரும் எல்லாவற்றையும் தின்றிருப்பார்கள், பட்டியல் எதையும் காட்டிக்கொடுக்காது.

ஆய்வகச் சோதனை இவ்வளவு தெளிவாக இல்லை. இந்தக் கிருமிதான் காரணம் என்று உணவை வைத்து உறுதிப்படுத்த அதில் கிராமுக்கு ஒரு லட்சமாவது இருக்க வேண்டும் என்பது அளவுகோல். மிஞ்சிய சாஸில் கிருமி இருந்தது, அந்த அளவுக்கு இல்லை. குளிரில் வைத்தால் இந்தக் கிருமியின் செல்கள் விரைவாகச் சாகும் என்பதால், சாப்பிட்ட நேரத்து எண்ணிக்கை பிறகு எடுத்த மாதிரியில் தெரியாது. மல மாதிரி கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் சிலரே, அதில் இருவருடையது மலத்துக்கான தனி அளவுகோலைத் தாண்டியது. அந்த இரண்டு மாதிரிகளும் உணவுப் பட்டியலும் சேர்ந்துதான் முடிவைக் கொடுத்தன.

பானைக்குள் நடந்தது

சமையலறை நடைமுறையைத் திருத்துவதற்காக உரிமையாளர் அழைத்ததன் பேரில் நான் போனது இதற்குப் பிறகு. முதலில் செய்தது, அதே பானையில், அதே அளவில், அதே கெட்டியில் சாஸ் செய்து, அதே தட்டில் வைத்து, நடுவில் வெப்பமானியை இறக்கி விட்டுவைத்தது. காலை எட்டரைக்கு, அதாவது குளிர் அறைக்குள் ஏறக்குறைய ஏழு மணி நேரம் இருந்த பிறகும், நடுப்பகுதி 40 டிகிரிக்கு மேலேயே நின்றது. விளிம்பில் தொட்டால் ஜில்லென்றிருந்தது. விரல் வைத்துப் பார்ப்பவர்களை ஏமாற்றுவது இந்த விளிம்புதான்.

பெர்ஃப்ரின்ஜென்ஸ் மண்ணிலும் விலங்குகளின் குடலிலும் வாழ்வது. அதனால் இறைச்சியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருவது இயல்பு. கொதிக்கும்போது செல்கள் சாகும், கடினமான உறைக்குள் உறங்கும் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். கொதிப்பு, சாஸில் கரைந்திருந்த ஆக்சிஜனையும் விரட்டிவிடும். காற்றில்லாமல் வாழும் இந்தக் கிருமிக்கு அது விரித்த பாய். 43 முதல் 47 டிகிரி வரையிலான சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைகூட இரட்டிக்கும். பானையின் நடுப்பகுதி அந்தச் சூட்டைக் கடந்துபோக இரவு முழுக்க எடுத்துக்கொண்டது.

அப்படிப் பெருகியிருந்தாலும் மறுநாள் 74 டிகிரிக்குக் கொதிக்கவிட்டிருந்தால் செல்கள் செத்திருக்கும், விருந்தும் தப்பியிருக்கும். இந்தக் கிருமியின் நஞ்சு பெரும்பாலும் உணவில் உருவாவதில்லை. உயிருள்ள செல்கள் ஏராளமாகக் குடலுக்குள் போன பிறகு அங்கே வித்தாக மாறும்போது வெளிவருகிறது. ஆக இரண்டு கதவுகளும் ஒரே நாளில் திறந்து கிடந்தன. முந்தைய ஆண்டுகளில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்ற கேள்விக்கும் விடை இதுதான்: பானை சிறியது, சாஸ் காலையில் செய்யப்பட்டு அன்றே தீர்ந்தது.

குளிர் அறையின் வெப்பப் பதிவேடு ஒன்று ஒழுங்காக எழுதப்பட்டு வந்தது. தினமும் 3, 4 டிகிரி. யாரும் பொய் எழுதவில்லை. அது காற்றின் வெப்பம், அவ்வளவுதான். உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி இழுப்பறையில் பேட்டரி தீர்ந்து கிடந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரவுச் சமையல்காரரை நீக்கவில்லை. நீக்கினால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் இரண்டு மடங்கு அளவு, நள்ளிரவு நேரம், தனி ஆள், இடமில்லாத அலமாரி என்ற நான்கையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. புதிதாக வருகிறவரும் அதே பானையை அதே இடத்தில்தான் வைத்திருப்பார்.

சாஸை எப்படிச் செய்வது என்பதில்தான் நிறைய நேரம் போனது. மொத்த வியாபாரிகளிடம் உறைந்த கட்டியாகக் கிடைக்கும் தயார் சாஸை வாங்குவது ஒரு வழி. முதல் சில வாரங்கள் அதையே செய்தார்கள். பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ருசியில் வழக்கமான ஆட்கள் முகம் சுளித்தார்கள், கோனி விற்பனை கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது.

இரண்டாவது வழி, ஆற வைப்பதைச் சரியாகச் செய்வது. இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பிரித்து முயன்றோம். மூடி போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது முதல் இரண்டு மணி நேர வரம்பைத் தாண்டிவிட்டது. மூடாமல் தனித்தனியாக வைத்தபோதும் பட்டும் படாமலும்தான் தேறியது. பானையைப் பனிக்கட்டித் தொட்டியில் நிறுத்தி, தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பிளாஸ்டிக் துடுப்பால் கிளறி, அதன் பிறகு தட்டில் ஊற்றியபோதுதான் நிம்மதியாக வரம்புக்குள் வந்தது. செய்ய முடிந்த வேலைதான், ஆனால் நள்ளிரவில் களைத்த ஒருவர் தினமும் செய்வாரா என்று கேட்டால் என் பதில் இல்லை.

அதனால் மூன்றாவது வழி: ஆற வைக்கும் வேலையையே எடுத்துவிடுவது. சாஸ் காலையில் மட்டும், அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும். அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஸ்டீம் டேபிளுக்கு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நடுவில் குத்திப் பார்த்து எழுதுவது. கடை மூடும்போது மிஞ்சியது குப்பைக்கு. கொட்டுவதில் பணம் போகிறது என்பது உரிமையாளரின் முதல் எதிர்ப்பு. குறைவாகச் செய்து, தீர்ந்தால் தீர்ந்தது என்று விட்டுவிடலாம் என்று பேசி முடித்தோம். விருந்து இருக்கும் நாளில் அளவு கூடினால் காலைக்கு இரண்டாவது ஆள் வருவார், முந்தின இரவு சமைப்பது கிடையாது. பனிக்கட்டி முறை சூப்புக்கு மட்டும், அதுவும் மதியத்தில்.

அடுத்து நடந்தது

சமையலறை ஐந்தாம் நாள் திறந்தது. சுகாதாரத் துறை ஆற வைத்தல், மறுசூடாக்கல் இரண்டையும் முதல்நிலை மீறல்களாகப் பதிவு செய்தது. உரிமத்தில் கை வைக்கவில்லை. அடுத்த ஆய்வு மாலையில் நடந்தது, அப்படி வரச் சொல்லி உரிமையாளரே கேட்டிருந்தார்.

நோயுற்றவர்கள் எல்லோரும் ஓரிரு நாளில் தேறினார்கள். மருத்துவமனைச் செலவைக் காப்பீடு ஏற்றது. வேலைக்குப் போக முடியாமல் சம்பளம் இழந்தவர்கள் சிலருடன் நேரில் பேசி முடித்தார்கள். வழக்கு வரவில்லை. பௌலிங் குழு அடுத்த விருந்தை வேறு இடத்தில் வைத்தது. அதிலிருந்து சிலர் மட்டும் தனித்தனியாக மறுபடி வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

தவக்காலத்துக்குப் பிறகு கோனி விற்பனை பழைய அளவுக்கு வந்தது. வெள்ளி, சனி இரவுகளில் பத்து, பத்தரைக்குச் சாஸ் தீர்ந்துவிடுகிறது. ஆரம்பத்தில் சண்டை போட்டவர்கள் இப்போது முன்னமே வந்து சாப்பிடுகிறார்கள், சிலர் கடுகும் வெங்காயமும் மட்டும் போதும் என்று விட்டார்கள்.

இன்னும் மாற்ற வேண்டியவை

முதல் நாளே மிஞ்சிய சாஸின் ஒரு பகுதியைத் துறை சொல்லும் முறையில் பதப்படுத்திக் கொடுக்க முடிந்திருந்தால் சாஸின் ஆய்வக முடிவும் தெளிவாக வந்திருக்கலாம். சனிக்கிழமை மதியம் அழைத்தபோதே அதைக் கேட்டிருக்கலாம். விருந்து முன்பதிவுகளில் ஒரு தொடர்பு எண்ணாவது எழுதி வைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. இந்த முறை அமைப்பாளர் கையில் பட்டியல் இருந்தது அதிர்ஷ்டம்.

பீப்பாய்களையும் உணவையும் பிரிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. தனிக் குளிர்பெட்டி வைக்க இடம் இல்லை. இப்போதைக்கு உணவு அலமாரியைக் கதவிலிருந்து தள்ளி உள்பக்கம் மாற்றி, கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை போட்டிருக்கிறார்கள். ஸ்டீம் டேபிளின் இடது கோடிக் குழி மற்றவற்றைவிடச் சூடு குறைவு, கூட்டமான நேரத்தில் 57க்குக் கீழே இறங்குவது பதிவேட்டில் இரண்டு முறை தெரிந்தது. இரண்டு முறையும் அந்தச் சாஸைக் கொட்டினார்கள். அந்தக் குழியில் இப்போது வெறும் பன்னுக்கு ஆவி காட்டுகிறார்கள். ஸ்டீம் டேபிளையே மாற்ற விலை கேட்டிருக்கிறார்கள், கோடைக்குள் வாங்குவதாகப் பேச்சு.